படத்தில் இல்லாத மல்பெரி

1

இந்தக் கதைக்கு மூலகாரணம் இரண்டு வரிப் பற்றாக்குறை. மகத்தான கதைகள் காதலிலோ போரிலோ பிறக்கும் என்று கேள்வி. இது ஒரு சுற்றுலாக் கையேட்டின் நான்காம் பக்கத்தில், அடியில் வெறுமையாகக் கிடந்த இரண்டு விரற்கடை இடத்தில் பிறந்தது.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊர் நகராட்சி அந்தக் கையேட்டை எழுதும் பொறுப்பை என்னிடம் தள்ளியது. ‘எழுதுகிறவர்தானே’ என்பது அவர்கள் வாதம். தச்சனைக் கூப்பிட்டு, மரம்தானே, ஒரு வயலின் செய்துகொடு என்று கேட்பது மாதிரி. ஒப்புக்கொண்டேன்.

[ஊருக்கு வல்மோரி என்று பெயர் வைத்துக்கொள்வோம். பிரான்சின் தெற்கே, நூற்று நாற்பது வீடு, ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக்கடை, ஒரு மேயர். உண்மைப் பெயரைச் சொன்னால் வழக்கு வரும். தமிழில் எழுதுவதால் மேயருக்குப் படிக்க வராது என்பது எனக்குள்ள ஒரே பாதுகாப்பு.]

வல்மோரியின் பெருமை ஒரே ஒரு எண்ணெய் வண்ண ஓவியம். பெயர் ‘நண்பகல் வீடு’. வரைந்தவர் அன்செல்ம் ரூவியேர். மனப்பதிவியம் எனும் இம்ப்ரெஷனிசத்துக்குப் பிந்தைய பிரெஞ்சு ஓவியர்கள் என்று ஒரு நீண்ட வரிசை உண்டல்லவா, அதன் வாலுக்குச் சற்று முன்னால் நிற்பவர். 1889 ஜூனில் இங்கே பதினோரு நாள் தங்கினார். சத்திரத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, போய்விட்டார். அந்தப் பதினோரு நாளை வைத்து நாங்கள் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறோம்.

படத்தில் இருப்பது இவ்வளவுதான்: மஞ்சள் சுவர், நான்கு சன்னல்கள், பாதி சாத்திய நீலக் கதவுகள், முன்னால் வெயில் காயும் வெற்றுத் தரை. இடது கீழ்மூலையில் பழுப்பு நிறத்தில் ஏழு பொட்டுகள்.

கையேட்டில் இவ்வளவையும் எழுதி முடித்தபோது அச்சகத்துக்காரர் கூப்பிட்டார். “இன்னும் ரெண்டு வரி வேணும், பக்கம் மொட்டையா நிக்குது.” நான் அந்த ஏழு பொட்டுகளைப் பார்த்தேன். எழுதினேன்: ‘நோயின் இறுதிக் கட்டத்தில் இருந்த ஓவியர், இதை வரைகையில் இருமித் தெறித்த ரத்தமே இந்த ஏழு துளிகள்.’

அவருக்கு நோய் இருந்ததா? தெரியாது. இருமினாரா? தெரியாது. இரண்டு வரி வந்துவிட்டது.

கையேடு ஆறு பதிப்பு கண்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஏழு துளி வரைகிறார்கள். ஐஸ்கிரீம் கடையில் ‘ரூவியேரின் ரத்தம்’ என்று ராஸ்பெரி விற்கிறது. இரண்டு பேராசிரியர்கள் கையேட்டை மேற்கோள் காட்டினார்கள். மூன்றாமவர் அந்த இருவரை மேற்கோள் காட்டினார். அதோடு அது வரலாறு ஆகிவிட்டது.

[எட்டரை மணி. மேசை ஆடுகிறது. ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தேன்.]

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று யோசனைகள்.

ஒன்று: “தெற்கத்தி வெயில் கல்பாவிய வீதியில் உருகிய வெண்ணெயாய் வழிந்தோட, தூரத்தில் தேவாலய மணி—”

வேண்டாம். வெயிலை வெண்ணெயாக்காமல் பிரான்சைப் பற்றி எழுதக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை.

இரண்டு: “தூரிகையை எடுத்தபோதே அன்செல்ம் ரூவியேருக்குத் தெரிந்துவிட்டது, தன் முடிவு—”

இதுவும் வேண்டாம். கலைஞன் என்றால் முப்பது வயதில் இருமிச் செத்தாக வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம். வயிறாரச் சாப்பிட்டு, மத்தியானம் தூங்கி எழுந்து, எழுபதாவது வயதில் மூட்டுவலியோடு வரைந்தவனுக்குச் சிலை வைப்பதில் நமக்கு ஒரு கிளுகிளுப்பும் இல்லை. ஏற்கெனவே அந்த மனிதருக்கு ஒரு நோயைக் கொடுத்தேன். மனசாட்சியையும் நானே கொடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்.

மூன்று: “ஜூன் முதல் சனிக்கிழமை காலை, யுகெத் சபதியே தன் வீட்டுத் தபால்பெட்டியைத் திறந்தாள்.”

பரவாயில்லை. எதுவும் உருகவில்லை.

3

ஜூன் முதல் சனிக்கிழமை காலை, யுகெத் சபதியே தன் வீட்டுத் தபால்பெட்டியைத் திறந்தாள். நகராட்சி முத்திரையோடு ஒரு கடிதம்.

யுகெத்துக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தோரு ஆண்டு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல். ஊரில் பாதிப் பேர் அவள் வைத்த பயறுக் குழம்பில் வளர்ந்தவர்கள். யார் தட்டை வழித்தார்கள், யார் பக்கத்துப் பையன் தட்டில் தள்ளினார்கள் என்பது இன்றுவரை அவளுக்கு நினைவிருக்கிறது. கணவர் பக்கத்து நகரத்தில் ஒரு பல் மருத்துவரின் உதவியாளரோடு நலமாக இருக்கிறார். அவர் போனதிலிருந்து இவளும் நலம்.

அவள் குடியிருப்பது படத்தில் உள்ள வீடு. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கியபோது படம் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. வாசலுக்கு எதிரே நின்ற மல்பெரி மரத்தைப் பார்த்து வாங்கினாள். சமையல்கட்டின் அனலில் நின்று வருகிறவளுக்கு வீடு இரண்டாம்பட்சம், நிழல்தான் முதல். மரம் நிற்பது நகராட்சி நிலம். தண்ணீர் ஊற்றுவது அவள். இத்தனை நாள் இதில் யாருக்கும் சிக்கல் இருந்ததில்லை.

[அகராதி இதை முசுக்கட்டை என்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிப் பழம் கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.]

கடிதத்தின் சாரம்: மாதக் கடைசிச் செவ்வாய் மூன்று மணிக்கு, பெருநகர அருங்காட்சியகத்திலிருந்து ‘நண்பகல் வீடு’ கோடை முழுக்கக் காட்சிக்கு வைப்பதற்காகத் தன் பிறந்த ஊருக்கு வருகிறது. பெரியவர்கள் வருகிறார்கள். ஆகவே வீடு படத்தைப் போலவே இருக்க வேண்டும். ஒன்று, சன்னல் கதவுகளுக்கு, ஊரே அடித்திருக்கும் ரூவியேர் நீலத்தைப் புதிதாக அடிக்க வேண்டும். இரண்டு, காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை அவை படத்தில் உள்ளபடி முப்பத்தைந்து பாகை சாத்தியே இருக்க வேண்டும். மூன்று, படத்தில் காணப்படாத மல்பெரி மரம் விழாவன்று காலை அகற்றப்படும்.

கடிதத்தை மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு யுகெத் சந்தைக்குப் போனாள். சனிக்கிழமைச் சந்தையில் மேயர் திபோ லாகாரிக் பாலாடைக்கட்டிக் கடைக்கும் பூசணிக் கடைக்கும் நடுவில் நின்று ஊரோடு கைகுலுக்குவது வழக்கம்.

“லாகாரிக்!”

“மதாம் சபதியே, நாலு பேர் இருக்கற இடத்துல முசியே மேயர்னு கூப்பிட்டா—”

“எனக்கு நீ மூணாம் வகுப்பு, ரெண்டாவது மேசை. கீரையைக் கால்சட்டைப் பையில ஒளிச்சு வச்சவன். என் வீட்டு சன்னலை நான் திறக்கக் கூடாதா?”

“தாராளமாத் திறக்கலாம். பத்து மணிக்கு முன்னாடி.”

“வெயில் வர்றதுக்கு முன்னாடி.”

“படத்துல பாதி சாத்தித்தானே இருக்கு?”

“மத்தியானம்டா! வெயில் உள்ள வராம சாத்தி வச்சிருக்கான். உள்ள எவனோ குறட்டை விட்டுத் தூங்கறான்.”

“அதை மரணத்தின் வாசல்னு பேராசிரியர்கள் எழுதியிருக்காங்க.”

“பேராசிரியர் வீட்ல யாரும் மத்தியானம் தூங்க மாட்டாங்களா?”

பூசணிக் கடைக்காரி சிரித்தாள். மேயர் அவளிடமும் ஒருமுறை கைகுலுக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“யுகெத், மரம்தான் முக்கியம். படத்துல மரம் இல்ல. இருந்தா வரைஞ்சிருப்பாரே? பின்னால எவனோ நட்டது.”

“படத்துல கக்கூஸ்கூட இல்ல. அதையும் இடிக்கப் போறியா?”

மேயர் ஒரு கணம் உண்மையாகவே யோசித்தார். “அது பின்பக்கம். தெரியாது.”

4

ஓர் ஐயம். மேயரை நான் மிகச் சுலபமாக முட்டாளாக்குகிறேனோ?

நியாயமாகச் சொன்னால், மூடிக் கிடந்த ரொட்டிக்கடைக்கு ஆள் கண்டுபிடித்துத் திறந்தவர் அவர். மூன்றே வகுப்பு மிச்சமிருந்த பள்ளிக்கூடத்தை மூடவிடாமல் தடுத்தவர். அதற்காக மேலிடத்தில் அவர் காட்டியதும் இந்தப் படத்தைத்தான். ‘ரத்தம் சிந்தி எங்கள் ஊரை வரைந்திருக்கிறார்’ என்று அவர் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். நடிப்பு இல்லை. நான் எழுதிய இரண்டு வரியை இந்த உலகத்தில் முழுமனதாக நம்புகிற ஒரே ஆள் அவர். ஒரு எழுத்தாளனுக்கு இப்படிப்பட்ட வாசகர் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்வான்.

அவருடைய பெருஞ்சாதனை ஒரு பித்தளைத் தகடு. சதுக்கத்தின் நடுவில், தரையில் பதித்தது. இரண்டு பாதங்கள் செதுக்கி, ‘ரூவியேர் இங்கே நின்றார்’ என்று எழுதியிருக்கும். வருகிறவர்கள் செருப்போடு அந்தப் பாதங்களின் மேல் ஏறி நின்று நிமிர்ந்து பார்ப்பார்கள். முன்னால் முக்கால்வாசி மல்பெரி தெரியும். அதன் ஓரத்தில் கால்வாசி வீடு தெரியும்.

“மரம் மறைக்குதே” என்பார்கள்.

எட்டு ஆண்டுகளாக இதைக் கேட்டுக் கேட்டு மேயருக்கு அந்த மரம் எதிர்க்கட்சி ஆகிவிட்டது. தகடு தவறான இடத்தில் இருக்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். என் வீடு யுகெத் வீட்டிலிருந்து இரண்டாவது. எங்கள் சன்னல்களும் ரூவியேர் நீலம்தான்.

[ஒன்பது இருபது. “ஆச்சா?” என்று கேட்டார்கள். “இன்னும் கொஞ்சம்” என்றேன்.]

5

படம் முன்கூட்டியே, நேற்று, திங்கட்கிழமை காலையில் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. கூடவே ரொசென் கெர்வெல்லா வந்தாள். பழைய ஓவியங்களைப் பழுதுபார்ப்பவள். வடமேற்கே பிரெத்தான் பகுதிக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும், குட்டை முடி, நெற்றியில் தூக்கிவிட்ட உருப்பெருக்கிக் கண்ணாடி. பயணத்தில் படம் நலுங்கியிருக்கிறதா என்று பார்க்க, நகராட்சியின் திருமணப் பதிவு அறையில் அதைச் சட்டத்திலிருந்து கழற்றி மேசைமேல் கிடத்தியிருந்தாள்.

கதவு திறந்தது. யுகெத், கையில் பீச்சுப் பழத் தட்டோடு.

“உள்ள யாரையும் விடக் கூடாது மதாம்.”

“இது என் வீடு.”

“இது நகராட்சி—”

“கட்டடத்தைச் சொல்லலம்மா. அதோ, மேசை மேல கிடக்கே, அது என் வீடு. இருபத்தாறு வருஷமா அதைக் காட்டி என் உயிரை வாங்கறாங்க. நான் இன்னும் ஒரு தடவைகூட நேர்ல பார்த்ததில்ல.”

ரொசென் தட்டைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். “பழத்தை அங்கயே வச்சிட்டு வாங்க. மூச்சு மேல படாம பாருங்க.”

யுகெத் பார்த்தாள். தான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது அவள் வீடு. சமையலறை சன்னல் கொஞ்சம் கோணலாக இருந்தது. இப்போதும் அது கோணல்தான். பரவாயில்லை, ஆள் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார் என்று அவளுக்கு முதன்முறையாக ரூவியேர்மேல் ஒரு மதிப்பு வந்தது.

“இது என்ன கலர்?” வலது ஓரத்துச் சன்னல் கதவைக் காட்டினாள். கதவு நீலம். ஆனால் அதன் விளிம்பில், சட்டம் மூடியிருந்த கட்டைவிரல் அகலத்துக்கு, கத்தரிக்காய்த் தோலைப் போல நல்ல ஊதா.

“அதுதான் ஒரிஜினல்” என்றாள் ரொசென். “நீலத்தையும் சிவப்பையும் கலந்து ஊதா அடிச்சிருக்கார். அந்தக் காலத்துச் சிவப்புச் சாயம் ஒண்ணு வெளிச்சம் பட்டா ஓடிப்போயிடும். சட்டத்துக்கு அடியில வெளிச்சம் படல, அதனால அங்க மட்டும் தங்கிடுச்சு. மத்த இடத்துல சிவப்பு போச்சு, நீலம் மிச்சம்.”

“அப்போ ரூவியேர் நீலம்னு ஒண்ணு…”

“கிடையாது. அது ரூவியேர் ஊதா வெளுத்தது.”

யுகெத் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நூற்று நாற்பது வீடு. நகராட்சிக் குப்பைவண்டி. பள்ளிக்கூடச் சீருடைக் கைக்குட்டை. எல்லாம் வெளுத்த சாயம்.

“மேயர்கிட்ட சொல்லிட்டியா?”

“மத்தியானம் வர்றார். அதோட இன்னொண்ணும் சொல்லணும். கொஞ்சம் சங்கடமான விஷயம்.” உருப்பெருக்கியைக் கழற்றிக் கொடுத்தாள். “இந்த ஏழு பொட்டைப் பாருங்க. ரத்தம்னு கையேட்டுல போட்டிருக்கே.”

யுகெத் குனிந்தாள். பழுப்புப் பொட்டின் நடுவில், வண்ணத்துக்குள் புதைந்து, கடுகைவிடச் சின்னதாக ஏதோ. ஒன்றல்ல, நாலைந்து. அவள் நிமிரவே இல்லை.

“இது எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்.”

“என்ன அது? ஏதோ விதை மாதிரி இருக்கு. வண்ணம் ஈரமா இருக்கறப்பவே விழுந்து பதிஞ்சிருக்கு. ஆய்வுக்கு அனுப்பலாம்னு—”

“எதுக்கு ஆய்வு? ஜூன் மாசம் அந்த மரத்தடியில வெள்ளைத் துணி காயப்போட்டுப் பாரு. என் மேசைவிரிப்பு பூரா இதே பொட்டுதான். மல்பெரிம்மா. பழுத்துச் சொட்டியிருக்கு.” கண்ணாடியைக் கழற்றினாள். “அந்த மனுஷன் வெயில்ல நிக்கல. அறிவுள்ள ஆளு. மரத்தடியில நாற்காலி போட்டு உக்காந்து வரைஞ்சிருக்கார். தான் உக்காந்திருக்கற மரத்தை எவன் படத்துல வரைவான்?”

6

மேயர் மத்தியானச் சாப்பாட்டை முடித்து இரண்டு மணிக்கு வந்தார். ஊதாவைக் கேட்டார், உட்கார்ந்தார். மல்பெரியைக் கேட்டார், எழுந்தார்.

“ரத்தம் இல்லியா?”

“இல்ல முசியே மேயர். பழம்.”

“ஒரு துளிகூடவா?”

அந்தக் கேள்வியில் யுகெத்துக்கே அவர்மேல் இரக்கம் வந்தது. தட்டிலிருந்து ஒரு பீச்சுப் பழத்தை எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் வகுப்புப் பையனைப் போல அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“சரி” என்றார் கடைசியில். “இந்த அறிக்கை செப்டம்பர்ல வரட்டும். உண்மைதானே, கெட்டா போயிடும்? நாளைக்கு விழா நடக்கட்டும்.”

“நடக்கட்டும். மரம்?” என்றாள் யுகெத்.

“மரம்… பேருந்துல நாப்பது பேர் வர்றாங்க யுகெத். தகட்டுல நின்னு பார்க்கணும். மரம் அறுக்கற ரெஜிஸ் வர்றதா ஒத்துக்கிட்டாச்சு.”

“படத்துல இல்லைங்கற காரணம் செத்துப்போச்சே. அந்த மரமோ அதோட அப்பனோ படத்துல சொட்டியிருக்கே!”

“வேலி போட்டுக்கூடப் பாதுகாக்கலாம்” என்றாள் ரொசென், உதவுவதாக நினைத்து. “அறிக்கை வந்தா அந்த மரமே பாரம்பரியச் சின்னம் ஆயிடும். சுத்திக் கம்பி, விளக்கப் பலகை, தொடாதீர்னு—”

“அப்போ நான் யாரு? டிக்கெட் வாங்கிட்டு வந்து என் நிழல்ல உக்காரணுமா?”

வெட்டினாலும் அவளுக்கு மரம் இல்லை, போற்றினாலும் இல்லை. முப்பத்தோரு ஆண்டு பள்ளிக்கூடச் சமையல்கட்டில் இருந்தவளுக்கு, இரண்டு கெட்ட சாப்பாட்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், அடுப்பை மூடிவிட்டு நேரத்தைக் கடத்தத்தான் தோன்றும்.

“வெட்டணும்னா மரத்துல காரணம் எழுதி ஒட்டணுமே” என்றாள் மெதுவாக. “போன வருஷம் ஒட்டாம வெட்டி ரெஜிஸ் மாட்டிக்கிட்டான். தாள் இல்லாம அவன் ரம்பத்தைத் தொட மாட்டான்.”

“எழுதிட்டாப் போச்சு. ஆனா செயலர் லீவு…” மேயர் முகம் தெளிந்தது. “உங்க தெருவுலயே எழுதறவர் இருக்காரே! ரத்தத்தையே கண்டுபிடிச்சவர். ஒரு காரணம் கண்டுபிடிக்க மாட்டாரா?”

7

முடிவுகள். எனக்குத் தெரிந்த வரை நான்கு.

முதல் முடிவு. எழுதுகிறவன் ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கிறான். ‘வேர்கள் கட்டடங்களின் அடித்தளத்துக்கு—’ என்று தொடங்கினால் போதும், மீதி தானாக வரும். மரம் விழுகிறது. மூன்று மணிக்குப் பெரியவர்கள் தகட்டில் ஏறி நின்று, ஓவியர் ஒருபோதும் பார்க்காத காட்சியை ஓவியர் பார்த்தபடியே பார்க்கிறார்கள்.

இரண்டாம் முடிவு. எழுதுகிறவன் உண்மையை எழுதுகிறான். மரம் பிழைக்கிறது, கம்பிவேலிக்கு உள்ளே. ஐஸ்கிரீம் கடையில் ‘ரூவியேரின் மல்பெரி’. பழம் பொறுக்கினால் அபராதம். யுகெத் வீட்டுக்குள்ளிருந்து, முப்பத்தைந்து பாகை இடுக்கு வழியாக அதைப் பார்க்கிறாள்.

மூன்றாம் முடிவு. மேயர் மரத்தைக் கட்டிப்பிடித்து அழுகிறார். யுகெத் அவர் தலையைக் கோதுகிறாள். பின்னணியில் தேவாலய— மன்னிக்கவும். கை பழக்கதோஷத்தில் எழுதிவிட்டது.

நான்காம் முடிவைச் சொல்ல வேண்டுமானால் நான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

8

மரத்தடியில்.

இன்று செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு யுகெத் தன் வீட்டுச் சன்னல் கதவுகள் எட்டையும் சுவரில் அறையும்படி விரியத் திறந்தாள். அந்தச் சத்தத்தில் தெருவே எழுந்தது. பிறகு ஆடுகிற ஒரு மேசையை மரத்தடிக்கு இழுத்துப் போட்டு, என் வீட்டு முன்னால் வந்து நின்றாள்.

“உள்ள இருக்கீங்கன்னு தெரியும். இடுக்கு வழியா மூக்குத் தெரியுது. வெளிய வாங்க எழுத்தாளரே!”

போனேன். வேறென்ன செய்ய?

“ரத்தம்னு எழுதினது நீங்கதானே?”

“ரெண்டு வரி தேவைப்பட்டுச்சு மதாம்.”

“அப்போ ரெண்டு வரி எழுதினதுக்கு இப்போ நிறைய எழுதுங்க. நிதானமா எழுதுங்க. அடிச்சு அடிச்சு எழுதுங்க. மேயருக்குப் புரியாத மொழியில எழுதுங்க. ரெஜிஸ் பன்னெண்டு அடிச்சா என்ன செய்வான்னு உங்களுக்குத் தெரியும்ல?”

தெரியும். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தேவாலய மணி பன்னிரண்டு அடித்தால், பாதி அறுத்த கிளை தலைக்கு மேலே தொங்கினாலும் ரெஜிஸ் ரம்பத்தை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். முதலில் ஒரு கோப்பை பஸ்தீஸ் மது, பிறகு சாப்பாடு, பிறகு காப்பி. இரண்டு மணிக்கு முன்னால் அவனை நகர்த்த அரசாங்கத்தாலும் முடியாது. இரண்டு மணிக்கு அவன் திரும்பும்போது பேருந்து சதுக்கத்துக்குள் வந்துவிடும். நாற்பது பெரிய மனிதர்கள் பார்க்க, ஒரு மேயர் மரம் வெட்ட மாட்டார். விழா முடிந்தால் ஜூலை. ஜூலை முடிந்தால் ஆகஸ்ட். ஆகஸ்டில் பிரான்சில் எதுவும் நடப்பதில்லை.

“செப்டம்பர்ல அறிக்கை வருமே, வேலி வருமே?” என்று கேட்டேன்.

“செப்டம்பர்ல அவனுக்கு நூத்தி நாப்பது வீட்டுக்கு ஊதா அடிக்கற வேலை இருக்கும். என் ஞாபகம் வராது.”

ஆகவே இந்தக் கதையில் நீங்கள் கண்ட தவறான தொடக்கங்கள், அடைப்புக்குறிகள், மேயரைப் பற்றிய என் நியாய உணர்ச்சி எதுவும் இலக்கிய உத்தி அல்ல. ஒவ்வொரு அடைப்புக்குறியும் இரண்டு நிமிடம். வெண்ணெய் வெயிலுக்கு ஐந்து நிமிடம் ஆனது. முசுக்கட்டைக்கு அகராதி எடுத்துவர வீட்டுக்குப் போய்வந்ததில் கால் மணி நேரம்.

ரெஜிஸ் எதிரே தகட்டின்மேல், ரூவியேர் நிற்காத இடத்தில், ரம்பத்தைக் காலடியில் வைத்துவிட்டு நிற்கிறான். மேயர் என் தோளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கிறார்.

“இவ்ளோ பக்கமா? அரைப் பக்கம்தானே கேட்டேன்.”

“காரணம் வலுவா இருக்கணும்ல முசியே மேயர்.”

“என்ன எழுத்து இது, ஒரே சுழியா இருக்கு?”

“முதல்ல என் மொழியில யோசிச்சு எழுதிட்டு, அப்புறம் மாத்துவேன். ரத்தத்தையும் அப்படித்தான் எழுதினேன்.”

அவருக்கு அதில் நம்பிக்கை வந்துவிட்டது. அதுதான் எனக்கு வலிக்கிறது.

“சொல்றதைச் சீக்கிரம் சொல்லித் தொலைங்க” என்று ரெஜிஸ் கத்துகிறான். “இன்னிக்கு வீட்ல முயல் கறி. பன்னெண்டுக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்.”

வாசற்படியில் யுகெத்தும் ரொசெனும் பீச்சுப் பழம் தின்றுகொண்டிருக்கிறார்கள். யுகெத் மேயரைக் கூப்பிடுகிறாள்: “திபோ, வந்து நிழல்ல உக்காரு. தலைல வெயில் ஏறிடும்.” மேயர் தயங்குகிறார். வருகிறார். எட்டு ஆண்டுப் பகையின் கீழே வந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, அண்ணாந்து பார்க்கிறார். இங்கிருந்து வீடு முழுசாகத் தெரிகிறது. நான்கு சன்னல்கள். கோணல் சமையலறைச் சன்னல். படத்தில் உள்ளபடியே. அவர் அதைப் பார்த்தாரா என்று நான் எழுதப்போவதில்லை. ஒருமுறை அறியாததை எழுதி, இன்று ஒரு மரத்தை ரம்பத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

[இந்த இடத்தில் தாளில் ஒரு கறை. பழுத்தது, கருஞ்சிவப்பு. என்னவென்று எந்தப் பேராசிரியர் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.]

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. எழுத எனக்கு இனி எதுவும் மிச்சமில்லை. மேயர் கையை நீட்டிவிட்டார். தாளை வாங்கிப் புரட்டப் போகிறார். மிச்ச எட்டு நிமிடம் உங்களிடம் இருக்கிறது. மெதுவாகப் படியுங்கள். முதல் பகுதிக்குப் போய் மறுபடி ஒருமுறை வந்தாலும் தவறில்லை. அச்சகத்துக்காரரைப் பற்றி யோசியுங்கள். சத்திரத்தில் ரூவியேருக்கு என்ன சாப்பாடு போட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

வரி தாவித் தாவிப் படித்து முடிவுக்கு ஓடிவந்தவர்கள், வல்மோரிக்கு வந்தால் அந்தப் பித்தளைப் பாதங்களில் ஏறி நின்று எந்த மறைப்பும் இல்லாமல் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் மரத்தடிக்கு வாருங்கள். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.